ஒளிக்கு அகப்படாத பீடைகள்: ஊவாத் தேயிலையும் லேசர் பீடைக் கட்டுப்பாடும்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறினால், நமுனுகுல மலைச் சரிவெங்கும் தேயிலை. கவ்வாத்து முடிந்த மலையில் கீழே கிடக்கும் வாது ஒன்றை எடுத்துப் பாருங்கள். பட்டையில் குண்டூசியால் குத்தியது போல் வட்டமான துளை தெரிந்தால், அந்த வாதுக்குள் ஒரு பெண் வண்டு குடியிருந்திருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். இதைத் தண்டுத் துளை வண்டு என்று அழைக்கலாம். இலங்கையின் நடுத்தர உயரத் தோட்டங்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொல்லை தரும் பீடை இது. துளைபட்ட வாது பலமான காற்றுக்கும் தாங்காது, கொழுந்து பறிப்பவரின் உடல் பட்டாலும் முறியும்.

இந்தத் துளையை முன்னே வைத்துக்கொண்டு லேசரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நஞ்சு தெளிக்காமல், ஒளிக்கற்றையால் பூச்சியைக் கொல்லும் கருவிகள் உலகின் சில இடங்களில் சோதனையில் இருக்கின்றன. களையைச் சுடும் கருவிகள் வயலிலேயே ஓடுகின்றன. மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து மலை ஏறும் தொழிலாளர்கள் வாழும் ஊரில் இச்செய்தி நம்பிக்கை தருவது இயல்பு. ஆனால் ஒரு கருவி எதைக் கொல்லும் என்று கேட்பது பாதிக் கேள்விதான். எதை விட்டுவைக்கும் என்பதே மீதிக் கேள்வி. அந்தக் கேள்வியை இலங்கைத் தேயிலை ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையும் பதிவில் இருக்கிறது.

ஒளி எப்படிக் கொல்கிறது

லேசர் என்பது ஒரே நிறத்தில், ஒரே திசையில், சிதறாமல் செல்லும் ஒளி. மிகச் சிறிய புள்ளியில் அதைக் குவித்தால் அங்குள்ள திசு நொடிக்குள் வெந்துவிடும். நஞ்சு நிலத்திலும் நீரிலும் தங்கும். லேசர் விட்டுச் செல்வது வெப்பம் மட்டும். எஞ்சிய நச்சு இலையில் இல்லை. பூச்சிகள் நஞ்சுக்குப் பழகி எதிர்ப்புப் பெறுவது போல் வெப்பத்துக்கு எளிதில் பழக முடியாது. இவ்வளவும் உண்மையான நன்மைகள்.

இந்த எண்ணத்தை உலகம் கவனிக்கத் தொடங்கியது 2010இல். அமெரிக்காவில் நேத்தன் மிர்வோல்டின் நிறுவனம், பறக்கும் நுளம்பை லேசரால் வீழ்த்தும் கருவியை அந்த ஆண்டு மேடையில் காட்டியது. மலேரியாவை மனதில் வைத்துப் பிறந்த யோசனை அது. பூச்சியின் பருமன், வேகம், இறக்கை அடிக்கும் வீதம் ஆகியவற்றைக் கொண்டு அது இன்ன பூச்சி என்று கருவி முடிவுசெய்யும். அதன் பிறகே சுடும். பின்னர் இதே கருவி, எலுமிச்சை இனப் பயிர்களில் பச்சைக்காய் நோயைப் பரப்பும் தத்துப்பூச்சியின் மீது புளோரிடாவில் சோதிக்கப்பட்டது.

ஜப்பானியர் அடுத்த படியை எடுத்து வைத்தார்கள். அந்நாட்டின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இரவில் பறக்கும் அந்துப்பூச்சி அடுத்த 0.03 செக்கனில் எங்கே இருக்கும் என்பதைக் கமெராப் படங்களிலிருந்து கணிக்கும் முறையை உருவாக்கியது. இது அற்ப நேரம் என்று தோன்றலாம். செக்கனுக்கு 2 மீட்டர் வேகத்தில் பறக்கும் அந்து அதற்குள் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் எடுத்து, கணித்து, லேசரின் கண்ணாடியைத் திருப்பிச் சுடுவதற்குள் இலக்கு விலகிவிடுவதே இதுவரை இருந்த தடை. 2023 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வு நிறுவனம், நீல நிற லேசரால் அந்துப்பூச்சியைச் சுட்டு வீழ்த்திக் காட்டியது. உடலில் எங்கே சுட்டாலும் சாவதில்லை, மார்பிலும் முகத்திலும் பட்டால் குறைந்த ஆற்றலே போதும் என்பதையும் அந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பூச்சி ஸ்பொடொப்டெரா லிட்டுரா. தமிழக விவசாயிகள் புரோடீனியா என்று சொல்வது இதைத்தான்.

களைகளில் லேசர் இன்னும் முன்னே நிற்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து கார்பன் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 2022இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியில் 150 வாட் திறனுள்ள 30 காபனீரொட்சைட்டு லேசர்கள் இருக்கின்றன. உழவு இயந்திரம் அதை இழுத்துச் செல்கிறது. பயிர் எது, களை எது என்று கமெரா பிரித்துக் கொடுக்க, களையின் வளர்முனையை லேசர் சுட்டுக் கருக்குகிறது. களை ஓரிடத்தில் நிற்கிறது, பூச்சி பறக்கிறது. ஒன்று சந்தைக்கு வந்து மற்றொன்று ஆய்வுக்கூடத்தில் தேங்கி நிற்பதற்கு இந்த வேறுபாடு முக்கியக் காரணம்.

ஊவாவின் பீடைகள் எங்கே வாழ்கின்றன

இப்போது இந்தக் கருவியை மனக்கண்ணில் ஸ்பிரிங்வெளி மலையில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் தண்டுத் துளை வண்டு. வாதுக்குள் சுரங்கம் குடையும் பெண் வண்டு மரத்தைத் தின்பதில்லை. தான் சுமந்து வந்த பங்கசைச் சுரங்கச் சுவரில் விதைத்து, அந்தப் பயிரைத் தானும் குஞ்சுகளும் உண்கின்றன. உள்ளேயே இணை சேர்தலும் முடிந்துவிடும். ஆண் வண்டுக்குப் பறக்கத் தெரியாது. கருவுற்ற பெண் மட்டும் புதிய வாது தேடி வெளியே வருகிறது. வாழ்நாளில் அது வெளிச்சத்தில் தெரிவது அந்தச் சிறு பொழுதில் மட்டுமே. ஒளிக்கற்றை மரத்தைத் துளைத்து உள்ளே போகாது. போகச் செய்தால் வாதே எரியும். ஹெக்டேயருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் நிற்கும் மலையில், அந்தச் சிறு பொழுதுக்காகக் காவல் நிற்கக்கூடிய கருவி இன்று இல்லை.

இரண்டாவது, இலைச்சுருட்டிப் புழு. ஹோமோனா கொஃபியாரியா என்ற அந்துவின் புழு இது. இளம் இலைகளைப் பட்டுநூலால் ஒட்டி, அந்தக் கூட்டுக்குள் இருந்தபடி தின்னும். கமெராவுக்குத் தெரிவது ஒட்டிய இலை மட்டும்.

மூன்றாவது, சிவப்புச் சிலந்திப் பூச்சி. அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. முற்றிய இலையின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கில் மேயும், வறட்சியில் பெருகும். இது கண்ணுக்குத் தெரியக்கூடியதுதான், ஆனால் ஒவ்வொன்றாகச் சுட்டுத் தீராது. சுடும்போது இலையும் கருகும்.

அடுத்து, உயிருள்ள மரத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கூடு வைத்து வாழும் கறையான். அதற்கும் கீழே, வேரைத் தின்னும் நூற்புழுக்கள். 1946 முதல் இலங்கைத் தேயிலையைத் தாக்கிவரும் கொப்புள நோயோ பூச்சியே அல்ல, பங்கசு.

இப்படி வரிசைப்படுத்தினால் ஒன்று தெளிவாகிறது. தேயிலையின் பெரிய எதிரிகளில் பெரும்பாலானவை ஒளிந்து வாழ்பவை. மரத்துக்குள், இலைக்குள், மண்ணுக்குள். தமிழில் ஒளி என்ற ஒரே சொல் வெளிச்சத்தையும் குறிக்கும், மறைவதையும் குறிக்கும். லேசரின் எல்லையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மலையின் அமைப்பும் எதிராக நிற்கிறது. பல டன் எடையுள்ள கருவியை உழவு இயந்திரத்தால் இழுக்கச் சமவெளி வேண்டும். நமது மலைகளில் தலைச்சுமையோடு மனிதர் நடப்பதற்கே படி வெட்டியிருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் மூடும் பனியும் மழையும் ஒளிக்கற்றையைச் சிதறடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொழுந்து மலை ஆள் நடமாட்டம் உள்ள இடம். பூச்சியைக் கொல்லும் நீல லேசர் மனிதக் கண்ணின் விழித்திரையையும் சுடும். அந்த வலிமையுள்ள லேசர்கள் சர்வதேசப் பாதுகாப்பு வகைப்பாட்டில் நான்காம் வகையில், மிகவும் அபாயகரமானவையாக, வைக்கப்பட்டிருக்கின்றன. ஈரமான இலையிலும் கொழுந்துப் பெண்ணின் கை வளையலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளிக்குப் பாதை போட்டுக் கொடுக்க முடியாது.

ஜாவாவிலிருந்து வந்த குளவி

அப்படியானால் நஞ்சுதான் வழியா? தேயிலையின் வரலாறு வேறு விடை தருகிறது.

1930களில் இலைச்சுருட்டிப் புழு இலங்கைத் தோட்டங்களின் முதன்மைப் பீடை. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி இங்கே கொண்டுவரப்பட்டது. மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்பது அதன் பெயர். பெண் குளவி இலைக்கூட்டுக்குள் இருக்கும் புழுவைத் தேடிப் பிடித்து, அதன் உடலில் முட்டையிடும். குளவியின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். கமெராவால் காண முடியாத புழுவை இந்தக் குளவி கண்டுபிடிக்கிறது. தோட்டங்களில் அது நிலைத்துப் பரவியது. பெரும் பீடையாக இருந்த புழு, எப்போதாவது தலைகாட்டும் சிறு தொல்லையாக இறங்கியது. உலக அளவில் உயிரியல் கட்டுப்பாட்டின் வெற்றிகளில் ஒன்றாக இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒருமுறை விட்டதோடு சரி. எரிபொருளும் இல்லை, கூலியும் இல்லை, பழுதுபார்க்கவும் வேண்டியதில்லை.

1950களில் டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லி வந்தது. தண்டுத் துளை வண்டுக்கு எதிராக அது அசாத்தியமாக வேலை செய்தது. வாதுகளில் படிந்து நீண்ட காலம் தங்கியதால், துளை போட வரும் வண்டு செத்தது. துரைமாருக்கும் ஆய்வாளருக்கும் அது வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்த நஞ்சு வண்டை மட்டும் தேடிச் செல்லவில்லை. குளவிகளையும் கொன்றது. அடங்கியிருந்த இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. அதுவரை பெயர் அறியப்படாத அளவுக்குச் சிறிதாக இருந்த குச்சிப் புழுவும் மலை மலையாக இலையை மொட்டையடித்தது. டபிள்யூ. தந்தநாராயணாவும் ஏ. கதிரவேற்பிள்ளையும் 1969இல் வெளியிட்ட ஆய்வு, குச்சிப் புழுவின் இந்தத் திடீர்ப் பெருக்கத்துக்கான காரணங்களை ஆராய்ந்து, டீல்ட்ரின் இயற்கை எதிரிகளை அழித்ததைச் சுட்டிக்காட்டியது. ஒரு பீடையை அடக்கப் போய் இரண்டு பீடைகளை வளர்த்த கதை அது. டீல்ட்ரின் பின்னர் கைவிடப்பட்டது. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, உலகம் ஒழிக்க வேண்டிய முதல் பன்னிரண்டு நச்சுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

இந்த நிகழ்ச்சியை ஊவாவின் மணத்தோடு சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது. கச்சான் காற்று வறண்டு வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் வருகிறது. அந்த மணத்தில் முக்கியப் பங்கு மெதைல் சலிசிலேட் என்ற பொருளுக்கு உண்டு. இதே பொருளைத்தான் பூச்சி கடித்த பல தாவரங்கள் காற்றில் வெளியிட்டு, அந்தப் பூச்சியின் எதிரிகளை வரவழைக்கின்றன என்று தாவர ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏலத்தில் நாம் விலை பேசும் வாசனை, செடிகளின் உலகில் உதவி கேட்கும் குரலும்கூட. அந்தக் குரலுக்கு ஓடி வரும் குளவியை நாம் கொன்றுவிட்டால் செடி யாரைக் கூப்பிடும்?

இங்கேதான் லேசரின் உண்மையான சிறப்பும் உண்மையான அபாயமும் சந்திக்கின்றன. நஞ்சால் செய்ய முடியாத ஒன்றை லேசரால் செய்ய முடியும்: தேர்ந்தெடுத்துக் கொல்வது. ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மென்பொருளுக்கு மனிதன்தான் கற்பிக்க வேண்டும். பறக்கும் எல்லாவற்றையும் சுடும் கருவி, ஒளியால் செய்த டீல்ட்ரின். அந்துவைச் சுட்டுக் குளவியை விட்டுவிடும் கருவியே சூழலுக்கு நண்பன். அந்த வேறுபாட்டைக் கற்பிக்க இந்த மலைகளின் பூச்சிகளைப் படம் பிடித்து, பெயரிட்டு, பிரித்துவைக்கும் வேலை முதலில் நடக்க வேண்டும். கலிபோர்னியாவின் கீரை வயலில் பயின்ற கணினிக்கு மக்ரோசென்ட்ரஸ் யாரென்று தெரியாது.

தடைகள் கற்பித்தவை

நஞ்சைக் கைவிட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இலங்கை இதில் பெரிய வெற்றியும் கண்டிருக்கிறது. 1995 முதல் மிகக் கொடிய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரை பரக்குவாட், டைமெதொயேட், ஃபென்தியொன் ஆகியவையும் விலக்கப்பட்டன. உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த தற்கொலை வீதம் இதற்குப் பிறகு பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. ஒரு போத்தலை அலுமாரியிலிருந்து அகற்றியதால் மட்டும் உயிர் பிழைத்தவர்கள் தோட்டங்களிலும் கிராமங்களிலும் இன்று நம்மிடையே வாழ்கிறார்கள்.

ஆனால் மாற்று வழி கையில் இல்லாமல் போட்ட தடைகள் வேறு விளைவைத் தந்தன. 2015இல் கிளைபொசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. களை வெட்ட ஆள் கிடைக்காத தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடின. தேயிலையில் எஞ்சிய நச்சு பற்றி ஜப்பான் கேள்வி எழுப்பியது. தனி வரம்பு வகுக்கப்படாத எந்தப் பீடைகொல்லிக்கும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமே எல்லை என்று 2006 முதல் கடைப்பிடிக்கும் நாடு அது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. பிறகு 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிக்கும் ஒட்டுமொத்த இறக்குமதித் தடை வந்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடியாக விழுந்தது. உரமின்மையோடு பொருளாதார நெருக்கடியும் இதில் சேர்ந்தது உண்மை. ஆனால் கொழுந்து குறைந்த நாட்களில் கூடையைச் சுமந்து நின்றவர் யார் என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் சொல்வார். நல்ல நோக்கம் உள்ள மாற்றமும் ஆயத்தம் இல்லாமல் வந்தால், அதன் பாரம் லயத்து அடுப்பில்தான் இறங்குகிறது. லேசருக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

லேசருக்குரிய இடம்

ஊவாவில் லேசருக்கு இடமே இல்லை என்று சொல்வது அவசரம். மலையிலிருந்து கீழே இறங்கினால் மகியங்கனையும் மொனராகலையும் வருகின்றன. அங்கே சமவெளிச் சோளக் காடுகள். 2018இன் பிற்பகுதியில் சேனா படைப்புழு இலங்கைக்குள் நுழைந்து சோளத்தைச் சூறையாடியபோது ஊவா மாகாணமும் அதில் அகப்பட்டது. ஒசாகாவில் லேசரால் வீழ்த்தப்பட்ட அந்துவும் இந்தப் படைப்புழுவின் அந்துவும் ஒரே ஸ்பொடொப்டெரா பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். இரண்டும் இரவில் பறப்பவை. படைப்புழுவின் ஒரு தாய் அந்து தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டை இடக்கூடியது. குருத்துக்குள் ஒளிந்த புழுவை எந்தக் கற்றையும் தொடாது. முட்டையிட வரும் தாயை இரவில், வயலில் ஆள் இல்லாத நேரத்தில், திறந்த வெளியில் சந்திக்கலாம். லேசரின் பலமும் பீடையின் பழக்கமும் பொருந்தும் இடம் ஊவாவில் இதுதான்.

தேயிலையில் ஒளிக்குக் கொல்வதைவிடக் காண்பது பொருத்தமான வேலை. சுடும் லேசரின் பாதி அறிவு அதன் கண்ணில் இருக்கிறது: எந்தப் பூச்சி, எத்தனை, எந்த மலையில், எந்த வாரத்தில் என்று எண்ணும் திறமை. இறக்கை அடிக்கும் வீதத்தைக் கொண்டு பூச்சியை அடையாளம் காணும் பொறி ஒன்று, துளை வண்டு வெளியேறும் காலத்தைச் சொன்னால், கவ்வாத்தின் காலத்தை அதற்கேற்ப மாற்றலாம். மருந்து அடித்தே தீர வேண்டிய மலை எது, அடிக்காமல் குளவிக்கு விட்டுவிடக்கூடிய மலை எது என்று பிரிக்கலாம். இதற்கு வலிமையான லேசர் வேண்டாம், யார் கண்ணுக்கும் ஆபத்தும் இல்லை. இரவில் மஞ்சள் விளக்கு எரித்து அந்துக்களின் நடமாட்டத்தைக் குறைக்கும் எளிய முறையையும் ஜப்பானிய விவசாயிகள் பூ, காய்கறிப் பயிர்களில் நீண்ட காலமாகக் கையாளுகிறார்கள். மரக்கறித் தோட்டம் செய்யும் வெலிமடைப் பக்கத்து விவசாயிக்கு அது லேசரைவிடக் கைக்கு எட்டும் விலையில் இருக்கும்.

இந்த ஆய்வுக்கான வீடு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இயங்குகிறது. ஊவாவுக்கென அதன் நிலையம் பசறையில், ஸ்பிரிங்வெளியிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜாவாக் குளவியின் வெற்றியும் டீல்ட்ரினின் தோல்வியும் அந்த நிறுவனத்தின் நினைவில் பதிந்தவை.

முடிவாக

1869இல் கோப்பியைத் தின்ற துரு நோய் இலங்கையில் முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. மலை முழுவதும் ஒரே பயிர் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. பீடை பெருகுவதற்கு அடிப்படை அந்த ஏற்பாடுதான். லேசரும் அதை மாற்றாது. நிழல் மரங்களும், ஓடைக்கரைக் காடுகளும், அவற்றில் தங்கும் குளவிகளும் இருந்தால்தான் எந்தக் கருவியின் வேலையும் குறையும்.

ஆகவே ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், தோட்ட நிர்வாகங்களுக்கும், மாகாண விவசாயத் திணைக்களத்துக்கும் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, லேசரைச் சோதிப்பதானால் சோளச் சமவெளியில், இரவில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தொடங்குங்கள். இரண்டாவது, எந்தக் கருவியையும் வாங்கும் முன் அது குளவியையும் தேனீயையும் விட்டுவைக்கிறதா என்பதை நமது மலையில், நமது பூச்சிகளைக் கொண்டு நிறுவச் சொல்லுங்கள். மூன்றாவது, கருவி வந்தால் அதை இயக்கும் பயிற்சி, இன்று மருந்துத் தொட்டி சுமப்பவருக்கே முதலில் கிடைக்கட்டும். தொட்டியும் போய் வேலையும் போனால் அவருக்கு அது இன்னொரு தடைச்சட்டம் மட்டுமே.

ஜாவாவிலிருந்து வந்த அந்தச் சிறு குளவியின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்தத் தேயிலை மலைகளில் கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. புதிய ஒளியை இங்கே கொண்டுவருபவர் எவரும் முதலில் அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.